நாட்டியப் பள்ளிக்கு இலவச இசை: சட்டப்படி எங்கிருந்து எடுக்கலாம்?

கேள்வி: கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பதினைந்து ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்பித்து வருகிறேன். பயிற்சிக்கும் மேடைக்கும் வேண்டிய பாட்டுகளை, 'இலவசப் பதிவிறக்கம்' என்று தேடும்போது முதலில் வரும் தளங்களிலிருந்தே இதுவரை எடுத்து வந்தேன். சென்ற மாதம் எங்கள் சலங்கை பூஜைக் காணொளியை யூடியூபில் ஏற்றினேன். அதிலிருந்த ஒரு தில்லானாவுக்கும், தொடக்கத்தில் சேர்த்த பின்னணி இசைக்கும் உரிமைகோரல் வந்து, ஒலி முடக்கப்பட்டுவிட்டது. நான் இத்தனை நாள் செய்ததே சட்டவிரோதம் என்கிறார் ஒரு மாணவியின் தந்தை. பணம் கட்டி உரிமம் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. இலவசமாகவும் சட்டத்துக்கு உட்பட்டும் இசையை எங்கிருந்து பதிவிறக்கலாம்? கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் காலத்து இசைத்தட்டுப் பாட்டுகளையாவது எடுத்துக்கொள்ளலாமா? ஏற்கெனவே கணினியில் உள்ள கோப்புகளை என்ன செய்வது?

— ஒரு நாட்டிய ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

அந்தத் தந்தை சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் அதற்காக நீங்கள் வகுப்பை நிறுத்தவோ, மாணவிகளிடம் கூடுதலாகப் பணம் கேட்கவோ வேண்டியதில்லை. உங்கள் பள்ளிக்கு வேண்டிய இசையில் கணிசமான பகுதியைச் செலவில்லாமலும், யாருடைய உரிமையையும் மீறாமலும் பெற முடியும். மாற்றிக்கொள்ள வேண்டியது தேடும் முறையைத்தான். பாட்டின் பெயரோடு 'இலவசம்' என்று சேர்த்துத் தேடினால், அந்தப் பாட்டின் மேல் எந்த உரிமையும் இல்லாதவர்கள் நடத்தும் தளங்களே முன்னால் வந்து நிற்கும். அவர்கள் உங்களிடம் பணம் வாங்கவில்லை என்பது உண்மை. கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருந்ததா என்பதையே சட்டம் கேட்கும். இந்தப் பதிவை உருவாக்கியவர் யார், அவர் எதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார், நான் செய்யப்போவது அந்த அனுமதிக்குள் அடங்குகிறதா என்பதைப் பார்த்துவிட்டு எடுப்பவருக்குப் பிறகு அஞ்ச வேண்டிய காரணம் இல்லை.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இது தெளிவாகிவிட்டால் மற்ற ஐயங்களில் பாதி தானாகத் தீரும். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு பாட்டில் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. சாகித்தியம், அதாவது பாட்டின் வரிகள், இலக்கியப் படைப்பு. மெட்டு இசைப் படைப்பு. இரண்டையும் பாடி, வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு மூன்றாவது. சாகித்தியத்துக்கும் மெட்டுக்கும் ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். தியாகராஜர் 1847-இல் சித்தியடைந்தார்; அவருடைய கீர்த்தனங்களின் சாகித்தியமும் இசையும் எல்லோருக்கும் பொது. ஆனால் அதே கீர்த்தனத்தை ஒரு வித்வான் பாடி, ஒரு நிறுவனம் 1990-இல் ஒலிநாடாவாக வெளியிட்டிருந்தால், அந்த ஒலிப்பதிவு 2050 டிசம்பர் 31 வரை அந்த நிறுவனத்தின் உடைமை. 'சுவாமிகள் பாட்டுக்கு யார் உரிமை கொண்டாட முடியும்?' என்று பலர் என்னிடம் வருத்தத்தோடு கேட்கிறார்கள். பாட்டுக்கு யாரும் உரிமை கொண்டாடவில்லை. அந்தப் பதிவுக்குத்தான் கொண்டாடுகிறார்கள், அது நியாயமும்கூட. அதற்காக ஒரு பாடகரும், வயலின் வித்வானும், மிருதங்க வித்வானும், ஒலிப்பதிவுக் கலைஞரும் உழைத்திருக்கிறார்கள்.

உங்கள் மார்க்கத்தை, அதாவது நீங்கள் கற்பிக்கும் உருப்படிகளின் வரிசையை, இந்த அளவுகோலால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களின் ஜதிஸ்வரங்களும் வர்ணங்களும், முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் செய்தவை, க்ஷேத்ரக்ஞர் பதங்கள், கோபாலகிருஷ்ண பாரதியார் பாட்டுகள் ஆகியவற்றின் பாடமும் மெட்டும் பொதுச்சொத்து. இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் கவனம் வேண்டும். பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார். எனவே அவருடைய பாட்டுகளுக்கு 2033 முடியும்வரை பாதுகாப்பு இருக்கிறது. மேடைகளில் மிகுதியாக ஆடப்படும் லால்குடி ஜெயராமனின் தில்லானாக்கள் 2073 முடியும்வரை பாதுகாக்கப்பட்டவை, ஏனெனில் அவர் மறைந்தது 2013-இல். இன்னும் நுட்பமான ஓர் இடமும் உண்டு. ஆண்டாளின் திருப்பாவைக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் இன்று கச்சேரிகளில் நாம் கேட்டுப் பழகிய ராகங்களில் அதை அமைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், அவர் மறைந்த ஆண்டு 1967. ஆகவே அந்த இசையமைப்புக்கான கணக்கு 2027 டிசம்பரில்தான் முடியும். பாரதியார் பாட்டிலும் இதே கவனம் தேவை. 1949-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டது பாரதியின் எழுத்து. அதற்குப் பின்னாளில் திரைப்படத்திலோ மேடையிலோ ஒருவர் போட்ட மெட்டும், அந்தத் திரைப்பட ஒலிப்பதிவும் அவரவருக்குரியவை.

உங்கள் தில்லானாவுக்கு உரிமைகோரல் வந்ததன் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். அது பழைய தில்லானாவாக இருந்திருந்தாலும், நீங்கள் ஒலிக்கவிட்ட பதிவு ஒரு நிறுவனத்தின் குறுந்தகட்டிலிருந்து வந்ததாக இருக்கும். யூடியூபின் தானியங்கி முறை அந்த ஒலியை அப்படியே அடையாளம் கண்டிருக்கிறது.

அடுத்து, மேடையும் இணையமும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு என்பதைச் சொல்ல வேண்டும். சட்டத்தின் 52-ஆவது பிரிவு சில பயன்பாடுகளை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஒரு கல்வி நிறுவனத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் அதன் பணிகளின் பகுதியாக நிகழ்ச்சி நடத்தி, அவையில் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் மட்டுமே இருந்தால், அங்கே பாட்டைப் பாடலாம், பதிவையும் ஒலிக்கவிடலாம். கட்டணம் வாங்காத அவையின் முன்போ, ஒரு சமய நிறுவனத்தின் நலனுக்காகவோ, தொழில்முறை அல்லாத ஒரு குழுவினர் இசைப் படைப்பை நிகழ்த்துவதற்கும் இடம் உண்டு. ஆனால் இந்த விலக்கு பாடுவதற்கும் வாசிப்பதற்குமே, குறுந்தகட்டை ஒலிக்கவிடுவதற்கு அல்ல. திருமணத்திலும் சமயச் சடங்குகளிலும் ஒலிக்கும் இசைக்கும் விலக்கு இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியின் ஆண்டுவிழாவில் உங்கள் மாணவிகள் ஆடினால் முதல் விலக்கு தெளிவாகப் பொருந்தும். வீட்டில் நடத்தும் தனியார் நாட்டியப் பள்ளியும் கல்வி நிறுவனமே என்று வாதிட இடமிருக்கிறது என்றாலும், அந்த வாதத்தை மட்டுமே நம்பி நுழைவுச்சீட்டு விற்கும் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்ய வேண்டாம் என்பது என் ஆலோசனை. இந்த விலக்குகள் எதுவும் அரங்கத்தில் நடந்ததைப் படமெடுத்து உலகம் முழுவதும் பார்க்க இணையத்தில் ஏற்றுவதற்கு நீளாது. சலங்கை பூஜையன்று மண்டபத்தில் பிரச்சினை எழாமல், காணொளி ஏற்றிய பிறகு எழுந்தது இதனால்தான்.

கிட்டப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன்: எடுத்துக்கொள்ளலாம். அவர் 1933-இல் இளம் வயதிலேயே காலமானார். அவர் வாழ்ந்த காலத்தில் வெளியான இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை நம் நாட்டில் எப்போதோ முடிந்துவிட்டது. சுந்தராம்பாள் 1980 வரை வாழ்ந்தவர் என்பதால் அவருடைய பதிவுகளை ஆண்டு பார்த்துப் பிரிக்க வேண்டும்; 1930-களின் தட்டுகள் பொதுச்சொத்து, பிற்காலத் திரைப்படப் பதிவுகளுக்கு ஒவ்வொன்றாகக் கணக்குப் போட வேண்டும். கணக்கு எளிதுதான்: 1960-இல் வெளியான ஒலிப்பதிவின் உரிமை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது, அதைப் போலவே ஒவ்வோர் ஆண்டு முடியும்போதும் அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆண்டின் பதிவுகள் பொதுவுக்கு வருகின்றன.

ஆனால் ஒலிப்பதிவு விடுபட்டதால் பாட்டே விடுபட்டுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கண்ணதாசன் எழுதி 1960-இல் தட்டாக வந்த ஒரு திரைப்பாடலை எடுத்துக்கொண்டால், அந்தத் தட்டின் ஒலிப்பதிவு உரிமை முடிந்திருக்கும். கவிஞர் 1981-இல் மறைந்தார் என்பதால் வரிகளுக்கு 2041 முடியும்வரை பாதுகாப்பு இருக்கும். மெட்டுக்கு அந்த இசையமைப்பாளர் மறைந்த ஆண்டைப் பார்க்க வேண்டும். அதை வீட்டில் கேட்பதற்கும், காணொளியில் சேர்த்துப் பரப்புவதற்கும் உள்ள தொலைவு இதுதான். வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிய பணத்தைத் திரட்டிப் படைப்பாளிகளுக்குச் சேர்க்க 1969 முதல் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இயங்குகிறது. பழைய பாட்டுதானே என்று ஏற்றிய காணொளிக்கும் உரிமைகோரல் வருவது இந்த இரண்டு உரிமைகளினாலும்தான்.

பழைய தட்டுகளைத் தேட வேண்டிய முதல் இடம் இன்டர்நெட் ஆர்க்கைவ். 1996-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட, லாப நோக்கமில்லாத இந்த நூலகத்தில், உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் 78 சுழற்சித் தட்டுகளை எண்ணிம வடிவில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பக்கத்தைத் திறந்ததும் பாட்டை ஒலிக்கவிடுவதற்கு முன்பு கீழே உள்ள விவரங்களைப் படியுங்கள்: வெளியான ஆண்டு, தட்டின் நிறுவனம், வரிசை எண், ஏற்றியவர் பெயர், உரிமக் குறிப்பு. சிலர் தட்டின் நடுவட்டத்தில் உள்ள தாளையும் படமெடுத்துப் போட்டிருப்பார்கள். கலைஞர் பெயரும் எண்ணும் அதில் இருக்கும், ஆண்டை உறுதி செய்ய அது பெரிதும் உதவும். இந்த விவரங்கள் எதுவும் இல்லாமல் 'அபூர்வ பாடல்கள்' என்று மட்டும் தலைப்பிட்ட மூட்டைகளைத் தொடாதீர்கள். யார் வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய இடம் என்பதால், அங்கே இருப்பது மட்டுமே ஒரு பதிவுக்குச் சட்டச் சான்று ஆகிவிடாது. பழைய தட்டுகளை ஏற்றியதற்காகவே 2023-இல் பெரிய இசை நிறுவனங்கள் அந்த நூலகத்தின் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தன. அது பின்னர் சமரசமாக முடிந்தது. அமெரிக்கச் சட்டத்தில் காலக்கெடு நம்முடையதைவிட நீளம்: 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டுகள். எனவே இங்கே பொதுச்சொத்தான ஒரு பதிவை நீங்கள் யூடியூபில் ஏற்றும்போது, சில வெளிநாடுகளில் மட்டும் அது தடுக்கப்படலாம். பழைய தட்டை ஒரு நிறுவனம் செப்பனிட்டுக் குறுந்தகடாக வெளியிட்டிருந்தால் அந்தப் பதிப்பையும் விலக்கிவிட்டு, தட்டிலிருந்து நேரடியாக எடுத்த, கீறல் ஒலி கேட்கும் பதிவையே தேடிக்கொள்ளுங்கள்.

கர்நாடக சங்கீதத்துக்கு அதிகம் பேர் அறியாத ஒரு நல்ல களஞ்சியத்தையும் குறிப்பிட விரும்புகிறேன். ஸ்பெயினின் பார்சிலோனாவில் உள்ள பாம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் இசை ஆய்வுக்காகத் தொகுத்த 'சராகா' என்ற தொகுப்பில், இருநூறுக்கும் மேற்பட்ட கர்நாடகப் பதிவுகள் இருக்கின்றன. கச்சேரிகளில் பதிவு செய்யப்பட்டவை. பலவற்றில் குரல், வயலின், மிருதங்கம் ஆகியவை தனித்தனித் தடங்களாகவே கிடைக்கின்றன. தனி மிருதங்கத் தடத்தை ஒலிக்கவிட்டு மாணவிகளுக்குத் தாளக்கட்டு சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. கலைஞர்களின் ஒப்புதலோடு, வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்குத் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டது; ஜெனோடோ என்ற ஆய்வுக் களஞ்சியத்தில் பதிவிறக்கலாம். கோப்புகள் பெரியவை என்பதால் கைப்பேசி இணைப்பில் முயல வேண்டாம்.

இனி, காணொளியின் தொடக்கத்தில் சேர்க்கும் பின்னணி இசை. இதற்கான இடங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கோப்பின் கீழும் உள்ள உரிமக் குறியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு 2002-இல் வெளியிட்ட பொது உரிமங்களைத்தான் பெரும்பாலான கலைஞர்கள் பயன்படுத்துகிறார்கள். 'பிஒய்' என்றால் படைப்பாளியின் பெயரைக் குறிப்பிட வேண்டும். 'என்சி' என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. 'எஸ்ஏ' என்றால் அதை வைத்து நீங்கள் ஆக்குவதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். 'என்டி' என்றால் மாற்றம் செய்து வெளியிடக் கூடாது. 'சிசி0' என்றால் படைப்பாளி தன் உரிமைகள் அனைத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டார். நாட்டியக் காணொளி எடுப்பவர்கள் இடறும் இடம் 'என்டி'. நான் இசையை வெட்டவில்லை, அப்படியே முழுவதும் வைத்தேன், இது எப்படி மாற்றம் ஆகும் என்று கேட்பார்கள். ஓர் இசைப்பதிவை அசையும் படத்தோடு நேரம் பொருத்தி இணைத்தாலே அது புதிய ஆக்கம்தான் என்று அந்த உரிமத்தின் 4.0 பதிப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே 'என்டி' குறியுள்ள எந்தக் கோப்பும் உங்கள் காணொளிக்கு உதவாது. வகுப்பில் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் கட்டணம் வாங்கிக் கற்பிப்பவர், நாளை உங்கள் சேனலில் விளம்பரமும் வரலாம் என்பதால், காணொளிக்கு 'என்சி' குறியுள்ளவற்றையும் தவிர்த்து, 'சிசி0', 'பிஒய்' ஆகியவற்றோடு நின்றுவிடுங்கள்.

அமெரிக்காவின் டபிள்யூஎஃப்எம்யூ வானொலி நிலையம் 2009-இல் தொடங்கிய ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் இந்தத் தேடலுக்கு ஏற்ற இடம். ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமம் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். கெவின் மெக்லியட் என்ற இசையமைப்பாளரின் இன்காம்பிடெக் தளத்தில் உள்ளவற்றை அவர் பெயரைக் குறிப்பிட்டு எதற்கும் பயன்படுத்தலாம். ஜமெண்டோவில் கேட்பதற்கும் சொந்தமாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்வதற்கும் பணம் இல்லை, ஆனால் தொழில்முறைப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு. மழை, மணி, பறவை போன்ற ஒலிகள் வேண்டுமானால், சராகாவைத் தந்த அதே பல்கலைக்கழகம் நடத்தும் ஃப்ரீசவுண்ட் தளத்தைப் பாருங்கள். மேற்கத்திய செவ்வியல் இசைக்கு மியூஸ்ஓப்பன் இருக்கிறது. இவற்றையெல்லாம் ஆராய நேரமில்லை என்றால், உங்கள் யூடியூப் ஸ்டூடியோவின் உள்ளேயே 'ஆடியோ லைப்ரரி' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் பெயர் குறிப்பிடத் தேவையில்லாதவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதியும் உண்டு. யூடியூபிலேயே வெளியிடப்போகும் காணொளிக்கு இதுவே சிக்கல் குறைந்த வழி. பிக்ஸாபே தளத்தின் இசையும் இலவசம்தான். ஆனால் அங்குள்ள சிலவற்றை அவற்றின் படைப்பாளிகளே யூடியூபின் அடையாள முறையில் பதிந்து வைத்திருப்பதால், அனுமதி இருந்தும் உரிமைகோரல் வரக்கூடும்.

இதற்காகவே ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு கோப்பை எடுத்த அன்றே, அந்தப் பக்கத்தின் முகவரியும் உரிமக் குறியும் தேதியும் தெரியும்படி திரையைப் படமெடுத்து, இசைக்கோப்பு இருக்கும் அதே கோப்புறையில் வையுங்கள். தளங்கள் கைமாறும், பக்கங்கள் மறையும், உரிமம் மாறும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு நீங்கள் நடக்கும்வரை, ஒருமுறை கொடுத்த அனுமதியைப் படைப்பாளி உங்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது; ஆனால் அன்று என்ன உரிமம் இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். பெயர் குறிப்பிடும்போது பாட்டின் தலைப்பு, படைப்பாளி, எடுத்த தளம், உரிமத்தின் பெயர் ஆகிய நான்கையும் காணொளியின் விவரப்பகுதியில் எழுதுங்கள். 'இசை: இணையம்' என்று போடுவது எந்த உரிமத்தையும் நிறைவு செய்யாது.

பாட்டுச் செயலிகளில் உள்ள பதிவிறக்கப் பொத்தானைப் பற்றியும் ஒரு சொல். சந்தா கட்டியவருக்கு இணைப்பு இல்லாத இடத்திலும் கேட்கக் கிடைக்கும் வசதி அது. கோப்பு உங்கள் கைக்கு வருவதில்லை, சந்தா முடிந்தால் பாட்டும் போய்விடும். காணொளியிலிருந்து ஒலியைப் பிரித்துத் தரும் தளங்களை விட்டுவிடுங்கள். அவை யூடியூபின் விதிமுறைகளுக்குப் புறம்பானவை, நகலெடுப்பதைத் தடுக்கப் போட்ட எண்ணிமப் பூட்டை உடைத்து எடுப்பதாக இருந்தால் 2012-இல் சேர்க்கப்பட்ட 65அ பிரிவின்படி குற்றமும் ஆகும்.

பழைய கோப்புகளை என்ன செய்வது என்ற உங்கள் கேள்வியில் அச்சம் தெரிகிறது. தெரிந்தே உரிமையை மீறுவதற்குச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் உரிமையாளர்களின் வழக்குகள் பெரும்பாலும் திருட்டுத் தளங்களையும் பரப்புவோரையும் நோக்கியே செல்கின்றன. யாரென்று தெரியாத குற்றவாளிகளை 'அசோக் குமார்' என்ற பொதுப்பெயரால் குறித்து, அத்தகைய தளங்களை முடக்கச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணை பிறப்பித்ததும் அப்படித்தான். நீங்கள் செய்ய வேண்டியது அந்தக் கோப்புகளை மேற்கொண்டு யாருக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பாமல், காணொளியில் சேர்க்காமல், மாற்றுப் பதிவு கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக அழித்துவிடுவது. அந்தத் தளங்களில் பாட்டின் பெயரில் '.ஏபிகே' என்று முடியும் கோப்பு எப்போதாவது இறங்கியிருந்தால் அதைத் திறக்காமல் உடனே நீக்குங்கள். அது பாட்டு அல்ல, உங்கள் கைப்பேசியில் தன்னை நிறுவிக்கொள்ளும் செயலி.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் தேவையின் மையம் நிறைவேறவில்லை என்பதை அறிவேன். மாணவி ஆடும் வேகத்துக்கு ஏற்ற அலாரிப்பும், உங்கள் பாடாந்தரத்தில் அமைந்த வர்ணமும் எந்தத் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கப்போவதில்லை. உங்கள் ஊரைச் சுற்றிலும் பாடுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் பஞ்சமில்லை. நால்வரின் ஒரு ஜதிஸ்வரத்தையும், ஒரு பழைய பதத்தையும், ஒரு தில்லானாவையும் தேர்ந்தெடுத்து, ஒரு பாடகரையும் மிருதங்கக் கலைஞரையும் அழைத்து, நீங்களே நட்டுவாங்கம் செய்து, அமைதியான ஓர் அறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். செலவு உண்டுதான், ஆனால் நான்கைந்து ஆசிரியைகள் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் தாங்கக்கூடியது, பல ஆண்டுகளுக்குப் பயன்படும், அந்தப் பணமும் உழைத்த கலைஞரின் கைக்கே நேராகப் போகும். பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்பவரே சட்டப்படி ஒலிப்பதிவின் தயாரிப்பாளர். அது நீங்களாக இருப்பீர்கள்.

கலைஞர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உரிமை மாற்று எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது. எழுத்தில் இருந்தும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு வரிகள் விடுபட்டதால் ஆறாம் ஆண்டில் சொந்தப் பதிவையே பயன்படுத்தத் தயங்கி நிற்பவர்களைத் தொழிலில் பார்க்கிறேன். எனவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: "இந்த ஒலிப்பதிவில் என் பங்கை, பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகின் எல்லா இடங்களிலும், வகுப்பிலும் மேடையிலும் இணையத்திலும் பயன்படுத்த இந்தப் பள்ளிக்கு உரிமை அளிக்கிறேன். எந்த ஆண்டிலும் பயன்படுத்தாமல் இருந்தாலும் இந்த உரிமை காலாவதி ஆகாது. இதற்காக இன்ன தொகை பெற்றுக்கொண்டேன்." தேதியிட்டு இரு தரப்பும் கையொப்பம் இட்டால் போதும். விற்பனைக்கு வெளியிட நேர்ந்தால் வருவாயில் கலைஞருக்குப் பங்கு உண்டு என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கலைஞர்கள் இசைந்தால் அந்தப் பதிவை 'பிஒய்' உரிமத்தில் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றலாம். உங்களைப் போலத் தேடிக்கொண்டிருக்கும் மற்ற ஆசிரியைகளுக்கு அது கிடைக்கும்.

சொந்தப் பதிவுக்கும்கூட, வேறொரு நிறுவனத்தின் பதிவோடு ஒலி ஒத்திருக்கிறது என்று சில வேளைகளில் உரிமைகோரல் வரும். அப்போது ஒப்புதல் தாளையும் பதிவின் மூலக் கோப்பையும் கையில் வைத்துக்கொண்டு, யூடியூபிலேயே மறுப்புத் தெரிவியுங்கள். கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கோரல் நீங்கிவிடும். உரிமைகோரல் வேறு, ஸ்டிரைக் என்ற யூடியூபின் தண்டனை எச்சரிக்கை வேறு. 90 நாட்களில் மூன்று ஸ்டிரைக் சேர்ந்தால் சேனலே மூடப்படலாம். உங்களுக்கு வந்திருப்பது உரிமைகோரல் மட்டுமே என்பதால் அந்த அபாயம் இப்போது இல்லை. ஆனால் இந்த முறை நீங்கள் மறுக்கக் கூடாது, ஏனெனில் அந்தப் பதிவின் மேல் உங்களுக்கு உரிமை இல்லை. பொய்யாக மறுத்தால் அதுவே ஸ்டிரைக்கில் கொண்டுபோய் விடும். ஸ்டூடியோவில் அந்தக் காணொளியைத் திறந்து, உரிமைகோரல் உள்ள பகுதிக்குச் சென்று, தொடக்க இசைக்கு 'பாடலை மாற்று' என்பதைத் தேர்ந்தெடுத்து ஆடியோ லைப்ரரியிலிருந்து ஒன்றைப் பொருத்திவிடுங்கள். தில்லானா வரும் பகுதியை வெட்டி நீக்கிவிட்டால், உங்கள் மாணவிகள் ஆடிய மற்ற உருப்படிகளின் ஒலி திரும்பி வரும். அந்தத் தில்லானாவை உங்கள் சொந்தப் பதிவு தயாரானதும் மறுபடி ஆடவைத்து ஏற்றிக்கொள்ளலாம்.